மஞ்சள் குடித்த சங்குமணிகள்

டீ வடிகட்டியில் எதையோ அள்ளிக்கொண்டிருந்தாள் செண்பகம். காலை நேரம். அடுக்களைச் சன்னல் வழியாக வந்த வெயில் நேராக வடிகட்டியின்மேல் விழுந்தது. உள்ளே இருந்தவை ஊறவைத்த கடலைப் பருப்புபோல ஈரமாக, மஞ்சளாக மின்னின.

கிட்டே போய்ப் பார்த்தேன். மணிகள். முந்தின நாள் மாலைவரை பால் வெள்ளையாக இருந்த இருபத்தொரு சங்குமணிகள்.

“ஏளா, என்ன செஞ்சு வச்சிருக்க?”

“மஞ்சத் தண்ணியைக் கொதிக்க வச்சு அதுல போட்டேன். விடிய விடிய ஊறுச்சு. நல்லா ஏறியிருக்குல்லா?” அவள் முகத்தில் பெருமை.

என் மனைவி அந்த மணிகளைச் செய்ய மூன்று வாரம் ஆகியிருந்தது. இன்னும் மூன்று நாளில் அவை ஒரு பெண்ணின் மணிக்கட்டில் ஏற வேண்டும். அவள் பெயர் சுமனா. ஊர் கல்கத்தா. எங்கள் ஒரே மகன் சரவணன் கட்டிக்கொள்ளப் போகிறவள். அப்பா அம்மாவோடு சனிக்கிழமை எங்கள் வீட்டுக்கு முதல்முறையாக வருகிறாள்.

இது நடந்தது புதன்கிழமை என்கிறது என் டைரி. செண்பகம் வியாழன் என்கிறாள். டைரியை நம்பித்தான் எழுதுகிறேன். ஆனால் இதை அச்சில் அவளும் படிப்பாள் என்பதால், அவள் தரப்பையும் பதிந்து வைக்கிறேன்.

சிரித்துச் சிரித்து வலித்த தாடை

சரவணன் கப்பலில் இன்ஜினியர். பரீட்சைக்குப் படிப்பதற்காகக் கல்கத்தாவில் சில மாதம் தங்கியிருந்தபோது சுமனாவைப் பார்த்திருக்கிறான். விஷயத்தை எங்களிடம் சொன்னபோது நான் உடனே சரி என்றேன். செண்பகமும் சரி என்றாள், ஆனால் இரண்டு நாள் கழித்து.

அவளுக்கு உறுத்தியது சாதியும் இல்லை, மீன் சாப்பாடும் இல்லை. மீன் விஷயத்தில் அவர்கள் நமக்கு அண்ணன் என்று கேட்டதும் பாதிக் கவலை தீர்ந்துவிட்டது. மீதிக் கவலை வேறு.

“அவகிட்ட நான் என்னத்தப் பேசுவேன்?”

செண்பகத்துக்குத் தமிழ் மட்டும்தான். சுமனாவுக்கு வங்காளம், இந்தி, ஆங்கிலம் மூன்றும் தெரியும், தமிழ் தெரியாது. வீடியோ அழைப்பில் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரிப்பார்கள். சிரித்து முடிந்ததும் மறுபடி சிரிப்பார்கள். பிறகு சரவணன் போனை வாங்கிக்கொள்வான்.

“சிரிச்சுச் சிரிச்சுத் தாவாக்கட்டை வலிக்கு. இப்படியே எத்தனை வருசம் சிரிச்சுக்கிட்டு இருக்க?” என்றாள் ஒருநாள்.

சில நாள் கழித்து முடிவாகச் சொன்னாள். “அவ கையில நான் செஞ்சது ஒண்ணு கெடக்கட்டும். நான் பேசாட்டாலும் அது கெடக்கும்லா.”

“தங்கத்துல ஒரு வளையல் எடுத்திருவோமே?”

“அது ஆசாரி செஞ்சது. கடைக்காரன் கொடுத்தது. அதுல நான் எங்க இருக்கேன்?”

“சரி, செஞ்சு கொடுத்து அவளுக்குப் பிடிக்கலைன்னா?”

“போட்டுட்டு மறுநாளே கழத்தி வச்சிருவா. அதைத்தான் நான் பார்க்கணும்.”

பார்த்துவிடலாம் என்று எளிதாகத்தான் சொன்னாள். ஆனால் அதற்குப் பிறகு அவள் சரியாகத் தூங்கவில்லை என்பது எனக்குத் தெரியும்.

மிதவையும் ஈயக்குண்டும்

பட்டுக்கயிறு பின்னுவதை அவள் ஒரு வீடியோவில் கற்றாள். அதில் ஒரு பெண் வட்டத் தட்டு ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு, தன் பாட்டுக்குப் பேசிக்கொண்டே பின்னுவாள். ஜப்பான் பாஷை என்று நினைக்கிறேன். எங்களுக்கு ஒரு சொல்கூடப் புரியாது. கை மட்டும் புரிந்தது.

“பார்த்தியா, பாஷை தெரியாமலேதான படிச்சுட்ட?” என்று கேட்டேன். அந்தச் சமயத்தில் அதை அவள் ரசிக்கவில்லை.

அந்தத் தட்டு நம் ஊர்க் கடையில் கிடைக்கவில்லை. கடலோரம் திரேஸ்புரத்தில் இருக்கும் சிலுவை அண்ணன்தான் வழி செய்தார். நாற்பது வருடம் கடலில் மூழ்கிச் சங்கு எடுத்தவர். இப்போது சங்கறுக்கும் ஷெட் ஒன்றில் மேற்பார்வை. வலையில் கட்டும் பழைய மிதவை ஒன்றை அவர் வட்டமாக அறுத்துக் கொடுத்தார். ரப்பர்போல மெத்தென்று இருந்தது. அதன் விளிம்பைச் சுற்றி நான் பிளேடால் கீறல் போட்டு, ஒன்று முதல் முப்பத்திரண்டு வரை எண் எழுதினேன். நடுவில் ஒரு துளை. பின்னப் பின்னக் கயிறு அந்தத் துளை வழியாகக் கீழே இறங்கும். அது நேராக இறங்குவதற்கு நுனியில் பாரம் வேண்டும். அதற்கும் வலையில் கட்டும் ஈயக்குண்டுதான், ஒரு கைக்குட்டையில் முடிந்து.

எட்டு இழை. புடவைக் குஞ்சத்துக்கு வாங்கும் பட்டு நூல், அரக்கு நிறம். ஒவ்வொரு இழையின் வாலையும் துணி காயப்போடும் கிளிப்பில் சுற்றி வைத்தோம். நாலு திசைக்கு இரண்டு இரண்டாக இழைகள் நிற்கும். மேலே வலது பக்கம் நிற்பதைக் கீழே இறக்கு. கீழே இடது பக்கம் நிற்பதை மேலே ஏற்று. தட்டைக் கால் வட்டம் திருப்பு. அவ்வளவுதான். இதையே நானூறு, ஐநூறு தடவை செய்தால் ஒரு கைக்குக் கயிறு ஆகும்.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. குக்கர் விசில் அடிக்கும், வாசலில் யாராவது கூப்பிடுவார்கள், பாதியில் எழ வேண்டி வரும். அப்போது எட்டு இழையும் இரண்டு இரண்டாகச் சமமாக நிற்கும்படி விட்டு எழுந்தால், திரும்பி வந்து பார்க்கும்போது எந்தப் பக்கத்தில் நிறுத்தினோம் என்பது தெரியாது. தப்பான இடத்தில் தொடங்கினால் கயிறு அங்கே புடைத்து முண்டு கட்டிக்கொள்ளும். அதனால் ஒரு இழையை இறக்கிய நிலையிலேயே எழ வேண்டும். கீழே மூன்று, மேலே ஒன்று. வந்து உட்கார்ந்ததும், ஏற வேண்டிய இழை எது என்று தட்டே சொல்லிவிடும்.

இரண்டு கயிறுகளைக் கெடுத்த பிறகு செண்பகம் இதைத் தானாகவே கண்டுபிடித்தாள். நான் ‘எழும்போது கீழே மூன்று’ என்று ஒரு சீட்டில் எழுதிச் சுவரில் ஒட்டினேன். “எனக்குத் தெரிஞ்சதை எனக்கே எழுதி ஒட்டுதிய பாருங்க” என்றாள்.

கல்கத்தா சாக்கு

மணிக்குச் சங்கு என்று சொன்னதும் அவள்தான். அறுத்த சங்கின் நடுத்தண்டு ஷெட்டில் மிஞ்சிக் கிடக்கும். சிலுவை அண்ணன் நல்ல துண்டுகளாகப் பொறுக்கி, தண்ணீருக்குள் வைத்து ஒவ்வொன்றிலும் துளை போட்டுக் கொடுத்தார். காய்ந்தபடி துளைத்தால் தூசி நெஞ்சில் இறங்கிவிடும்.

உருட்டியது செண்பகம். அம்மிக்கல்லின் ஓரத்தில் ஒரு பள்ளம். அதில் கொஞ்சம் மணல், கொஞ்சம் தண்ணீர். விரல் நுனியால் மணியை அழுத்தி முன்னும் பின்னும் ஓட்ட வேண்டும். பிறகு கார் பெயின்ட் அடிப்பவர்கள் தேய்க்கும் வாட்டர் பேப்பர். கடைசியில் ஒரு சொட்டுத் தேங்காயெண்ணெய். ஒரு நாளைக்கு ஒரு மணி, அதிகம் போனால் இரண்டு. எந்த மணியும் இன்னொன்றைப்போல இல்லை. அவள் ஆள்காட்டி விரலில் ரேகை தேய்ந்து, போனைத் திறக்க மறுத்தது.

இங்கே என் தொழிலைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் துறைமுகம் வழியாகச் சரக்கு அனுப்பும் ஒரு கம்பெனியில் குடோன் கிளார்க்காகச் சேர்ந்தவன். உப்பளத்தைப் பற்றி முன்பு எழுதியபோதே இதைச் சொல்லியிருக்கிறேன். சேர்ந்த புதிதில் என் மூக்குக்குப் பழகாத ஒரே வாடை சங்குச் சாக்கின் வாடை. சதை அழுகி வெளியேறிய பிறகும் அந்த ஓட்டுக்குள் கொஞ்சம் கடல் மிச்சமிருக்கும். சாக்குகளை எண்ணி, மேலே ‘கல்கத்தா’ என்று எழுதுவது என் வேலை.

ஊர்ப் பெருமை பேசுகிறவர்கள் முத்தைத்தான் சொல்வார்கள். எனக்கென்னவோ சங்குதான் இந்தக் கரைக்கு நெடுங்காலம் சோறு போட்டது என்று படுகிறது. முத்துக்குளிப்பு வந்த வருடமும் உண்டு, வராமலே போன வருடங்களும் உண்டு. கொற்கையில் தோண்டிய இடத்திலும் அறுத்த சங்கு கிடைத்தது என்று படித்திருக்கிறேன். அறுத்த அடையாளம் இன்று ஷெட்டில் பார்ப்பதுபோலவே இருக்கும் என்று நினைத்துக்கொள்வேன். சரி, இதோடு நிறுத்துகிறேன். இதை இன்னும் நீட்டினால் செண்பகத்துக்குக் கோபம் வரும். காரணம் அடுத்து வருகிறது.

கல்கத்தாவுக்கு ஏன் இத்தனை சங்கு என்று அந்த நாளிலேயே கேட்டுத் தெரிந்துகொண்டேன். அங்கே கல்யாணமான பெண்ணின் கையில் வெள்ளைச் சங்கு வளையல் இருக்கும். நமக்குத் தாலி எப்படியோ அப்படி. அந்த வெள்ளைக்காகத்தான் நம் கடலிலிருந்து சாக்குச் சாக்காகப் போகிறது.

இது எனக்குத் தெரியும். டைரியிலும் இருக்கிறது. செண்பகத்துக்குத் தெரியாது. ஊதுவதற்காகப் போகிறது என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

வெள்ளை

ஆகவே அந்தப் புதன்கிழமை, அல்லது வியாழக்கிழமை, வடிகட்டியைக் கையில் வைத்துக்கொண்டு அவள் சொன்னாள்:

“மணி எல்லாம் முடிஞ்சு பாக்கேன், ஒரே வெள்ளையா இருக்கு. கல்யாணப் பொண்ணு கையில வெறும் வெள்ளையை எப்படிப் போடுதது? மனசுக்கு ஒரு மாதிரி ஆயிட்டு. அதான் மஞ்சள்ல போட்டேன்.”

நான் வளையல் கதையைச் சொன்னேன். சொல்லச் சொல்ல அவள் முகம் மாறியது. வடிகட்டியை மெதுவாக மேடையில் வைத்தாள்.

“அப்போ அவுகளுக்கு வெள்ளைதான் மங்கலமா?”

“ஆமா.”

“முத்துக்குளிப்பு எப்ப நின்னுதுன்னு எங்கிட்ட நூறு தடவை சொல்லியிருக்கிய. எந்தக் கப்பல் எந்தக் கிழமை வந்துச்சுன்னு சொல்லியிருக்கிய. இதை ஒரே ஒரு தடவை சொன்னியளா?”

 எழுதி வைத்தாலே சொன்ன மாதிரி என்று வாழ்ந்துவிட்டேன்.

பிறகு நடந்ததைச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. மஞ்சளை எடுக்க நான் சோப்புத்தூளில் மணிகளைப் போட்டேன். மஞ்சள் கறை பட்ட வேட்டியைத் துவைத்த எவருக்கும் என்ன ஆகும் என்பது தெரியும். மணிகள் ஆரத்தித் தண்ணீர்போலச் சிவந்தன. செண்பகம் வாயைப் பொத்திக்கொண்டாள். பதினைந்து முறை அலசியதும் சிவப்பு போய் மறுபடி மஞ்சள், இப்போது திட்டுத் திட்டாக. அடுத்து எலுமிச்சம்பழத்தைக் கையில் எடுத்தேன். பிழியும் முன் சிலுவை அண்ணனுக்குப் போன் போட்டது அந்த நாளில் நான் செய்த ஒரே நல்ல காரியம்.

“யேசுவே! புளிப்பு பட்டா சங்கு பொங்கும் அண்ணாச்சி. மேல் எல்லாம் அரிச்சுச் சுண்ணாம்பு மாதிரி ஆயிரும். பழத்தை வச்சிட்டு அந்தப் பக்கம் போங்க. வெயில்ல போட்டா மஞ்சள் தானா வெளுக்கும்.”

“எத்தனை நாள் ஆகும்?”

“அது மாசக்கணக்குல்லா.”

எங்களுக்கு இருந்தது மூன்று நாள். புதிதாக இருபத்தொரு மணி உருட்டவும் நேரம் இல்லை.

செண்பகம் அரைக் கயிறு பின்னியிருந்த தட்டை எடுத்து வந்து அலமாரியில் வைத்தாள். “வேண்டாம். கடையில தங்க வளையலே எடுத்திருங்க” என்றாள்.  கொல்லைப்பக்கம் போய் ஏற்கெனவே கழுவிய பாத்திரத்தைக் கழுவ ஆரம்பித்தாள்.

நான் அலமாரியில் தட்டைப் பார்த்தேன். எட்டு இழையும் இரண்டு இரண்டாக, நாலு பக்கமும் சமமாக நின்றன.

அவள் அப்படி வைப்பவள் அல்ல. திரும்ப வந்து உட்காரும் எண்ணமே அவளுக்கு இல்லை என்று அதைப் பார்த்துத்தான் எனக்குத் தெரிந்தது.

வலம்புரி

அன்று மத்தியானம் அவள் அக்காள் வீட்டுக்குப் போயிருந்த நேரத்தில் பூதக்கண்ணாடியோடு தட்டின்முன் உட்கார்ந்தேன். கடைசியாக நகர்ந்தது எது என்று கண்டுபிடித்துத் தொடங்கினேன். பிறகு கீழ்முனையில் இரண்டு இழையின் கிளிப்பைக் கழற்றி, வால்வழியாக மஞ்சள் மணிகளைக் கோத்து, மறுபடி சுற்றினேன். ஒரு மணி உள்ளே விழுந்து இழைகளுக்கு நடுவே உட்கார்ந்தது. அரக்குப் பட்டில் அந்த மஞ்சள், நான் நினைத்ததைவிட நன்றாகவே இருந்தது.

மூன்று மணி போட்டதும் பின்னால் அவள் குரல்.

“என்ன செய்யுதிய?”

“பின்னுதேன்.”

குனிந்து பார்த்தாள். கட்டை விரலால் கயிற்றைத் தடவினாள். ஓரிடத்தில் விரல் நின்றது. அங்கே மிளகு அளவுக்கு ஒரு முண்டு. நான் தப்பான பக்கத்திலிருந்து தொடங்கி எதிர்த்திசையில் சுற்றியிருக்கிறேன். அதுவரை இடப்பக்கமாகச் சாய்ந்து வந்த பின்னல், அந்த முண்டுக்குப் பிறகு வலப்பக்கமாகச் சாய்ந்தது.

பிரித்துவிடுவாள் என்று நினைத்தேன். பிரிக்கவில்லை. என்னை எழுப்பிவிட்டு, என் இடத்தில் உட்கார்ந்து, என் திசையிலேயே தொடர்ந்தாள். மாலையில் கயிறு முடிந்தது. சுமனாவின் கை அளவு எங்களுக்குத் தெரியாது. மகனிடம் கேட்டதற்கு “சாதாரணக் கைதாம்மா” என்று சொல்லியிருந்தான். அதனால் இழுத்தால் சுருங்கி, தளர்த்தினால் விரியும் வலைக்காரர் முடிச்சு ஒன்றைச் சிலுவை அண்ணன் வந்து போட்டுக் கொடுத்தார். அப்போது முண்டையும் பார்த்தார்.

“தங்கச்சி, நாற்பது வருசம் மூழ்கி எனக்கு ஒரு வலம்புரி சிக்கல. அண்ணாச்சி வீட்டுக்குள்ள உக்காந்துக்கிட்டே எடுத்துட்டாரு” என்றார்.

அன்று காலைக்குப் பிறகு செண்பகம் சிரித்தது அப்போதுதான்.

சனிக்கிழமை

இந்தக் கிழமையில் எங்களுக்குள் கருத்து வேறுபாடு இல்லை.

சுமனா போனில் தெரிந்ததைவிட உயரம். அவள் அம்மாவின் இரண்டு கையிலும் வெள்ளைச் சங்கு வளையல். செண்பகம் வந்தவர்களின் முகத்தைப் பார்க்கும் முன் அதைத்தான் பார்த்தாள். பார்த்ததும் வெற்றிலைத் தட்டில் இருந்த பட்டுக்கயிற்றின்மேல் ஒரு பூச்சரத்தை நகர்த்தி மூடினாள்.

காபி ஆயிற்று. எங்கள் ஊர் முந்திரி மக்ரூன் ஆயிற்று. எல்லோரும் சிரித்து முடித்து, மறுபடி சிரிக்கத் தொடங்கினார்கள். சரவணன்தான் பூச்சரத்தைத் தூக்கினான். “அம்மா ஏதோ செஞ்சிருக்காளே, எங்க?”

சுமனா கயிற்றை எடுத்தாள். ஒவ்வொரு மணியாக விரலில் உருட்டினாள். முண்டு வந்ததும் நிமிர்ந்து செண்பகத்தைப் பார்த்து, இது என்ன என்பதுபோலப் புருவத்தை உயர்த்தினாள். செண்பகம் பேசாமல் விரலை நீட்டி என்னைக் காட்டினாள். அந்தப் பெண் வாய்விட்டுச் சிரித்தாள். போனில் சிரித்த சிரிப்பு இல்லை அது.

பிறகு கயிறு அவள் அம்மாவின் கைக்குப் போனது. அந்த அம்மாள் மணிகளை மூக்கருகே கொண்டுபோனார். முகர்ந்தார். மகளிடம் வேகமாக ஏதோ கேட்டார். மகள் சரவணனிடம் கேட்டாள்.

“இது மஞ்சளான்னு கேக்காங்கம்மா.”

செண்பகம் என்னைப் பார்த்தாள். மறைக்க ஒன்றும் இல்லை. “மஞ்சள்தான். தெரியாமப் போட்டுட்டேன்னு சொல்லுல” என்றாள்.

அவன் சொன்னான். அதற்கு அந்த அம்மாள் நீளமாகப் பேசினார், கையை ஆட்டி, வாசலைக் காட்டி, மகளின் கன்னத்தைக் காட்டி. சரவணன் கேட்டுக்கொண்டே இருந்தான்.

“என்னலே சொல்லுதாவ? சீக்கிரம் சொல்லித் தொலையேன்!”

“அவங்க ஊர்ல மாப்பிள்ளை வீட்டு மஞ்சள் பொண்ணு வீட்டுக்குப் போகணுமாம்மா. அதைப் பொண்ணு மேல பூசினப்புறம்தான் கல்யாணக் காரியமே. உங்களுக்கு இது தெரியாதே, எப்படிச் சொல்லுததுன்னு யோசிச்சுக்கிட்டே வந்தாங்களாம். நீங்க ஏற்கெனவே செஞ்சு வச்சிருக்கீங்கங்கறாங்க.” சொல்லிவிட்டு அந்த அம்மாளைப் பார்த்துத் தலையாட்டினான். “ஆனா ஒண்ணு. முதல்ல மாப்பிள்ளை மேல பட்டுட்டுத்தான் பொண்ணுக்கு வரணுமாம். பட்டுதான்னு கேக்காங்க.”

செண்பகம் எழுந்தாள். அந்த அம்மாள் கையிலிருந்து கயிற்றை வாங்கினாள். பக்கத்துச் சொம்பில் விரலை நனைத்து மணிகளை ஈரமாக்கி, சரவணனின் இரண்டு கன்னத்திலும் அழுத்தி ஒரு இழு இழுத்தாள்.

“யம்மா! சட்டை! சட்டை!”

“இப்பப் பட்டுட்டுன்னு சொல்லு” என்றாள்.

மொழிபெயர்க்கத் தேவை இருக்கவில்லை. சுமனா கையை நீட்டினாள். செண்பகம் மாட்டி, முடிச்சை இழுத்தாள். கயிறு சுருங்கி மணிக்கட்டில் நின்றது. அன்று நல்ல புழுக்கம். அவர்கள் கிளம்பும்போது சுமனாவின் கையைச் சுற்றி மெல்லிய மஞ்சள் வளையம் ஒன்று ஏறியிருந்தது.

மறுநாள் மட்டும் அல்ல, கல்யாணப் படங்களிலும் அதற்குப் பிந்திய எல்லா வீடியோ அழைப்புகளிலும் அந்தக் கயிறு அவள் கையில் இருந்தது. செண்பகம் முதலில் அதைத்தான் தேடுவாள். பிறகுதான் முகம்.

வடிகட்டி

சிலுவை அண்ணன் சொன்னது பொய்க்கவில்லை. வெயில் பட்டுப் பட்டு மணிகள் வெளுத்தன. போன மாதம் சுமனா இங்கே வந்தபோது அவை முழு வெள்ளை. அரக்குப் பட்டில் பார்க்க அழகாகவே இருந்தன. அவர்கள் ஊர் வழக்கப்படி இப்போதுதான் சரியான நிறத்துக்கு வந்திருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. இந்த முறை அதை டைரியில் எழுதும் முன்பே செண்பகத்திடம் சொல்லிவிட்டேன்.

“தெரியும்” என்றாள்.

மறுநாள் காலை நான் அடுக்களைக்குள் போனபோது சுமனா கயிற்றைக் கழற்றி செண்பகத்தின் உள்ளங்கையில் வைத்துக்கொண்டிருந்தாள்.

“அத்தை,” என்றாள், “மஞ்சள்.”

அடுப்பில் தண்ணீர் ஏற்கெனவே கொதித்துக்கொண்டிருந்தது. எனக்கு டீ கேட்டேன். கொஞ்சம் பொறுங்கள் என்று செண்பகம் கையைக் காட்டினாள். சுமனாவும் அதேபோலக் கையைக் காட்டினாள்.

இப்போது எங்கள் வீட்டில் இரண்டு வடிகட்டிகள் இருக்கின்றன. மஞ்சளாக இருப்பதில் டீ வடிகட்டக் கூடாது.